தரவைக்கு ஈடு

வேலணை கிழக்கு
12.12.1988

அன்புள்ள அத்தானுக்கு,

நயினை அம்மன் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். போன கடிதத்தில் இருமல் என்று எழுதியிருந்தீர்கள். வேர்க்கொம்பு அவித்துக் குடித்தீர்களா? அங்கே அவித்துத் தர யார் இருக்கிறார்கள் என்று நினைக்க எனக்குத் துக்கமாக இருந்தது.

இந்த முறை மாரி நன்றாகப் பெய்தது. அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த பன்னிரண்டு பரப்புத் தரவை நிலம் மழைத்தண்ணீர் தேங்கி வரம்பு தெரியாமல் நிரம்பிக் கிடக்கிறது. கொக்கும் ஆள்காட்டிக் குருவியும் போடும் சத்தத்தில் மத்தியானம் கண் அயர முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியிலிருந்து வந்து நிற்கும் மயில்வாகனம் அண்ணை தரவையை விலைக்குக் கேட்கிறார். மண் கொட்டி நிரப்பி மாடிவீடு கட்டப்போகிறாராம். நல்ல விலை சொல்கிறார். அந்தக் காசு என்னை அங்கே அனுப்பும் ஏஜென்சிக்குக் காணும், நான் உங்களிடம் வந்து சேரலாம். நீங்கள் போய் நாலு வருடம் முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசிடம் கேட்டேன். "பிள்ளை, காணி உம்முடையதுதான். ஆனா தேசவழமைச் சட்டப்படி புருசன்ரை சம்மதக் கையெழுத்து இல்லாமல் உறுதி முடிக்க ஏலாது" என்றார். என் காணியை நான் விற்க உங்கள் கையெழுத்து வேண்டுமாம். அனுப்பி வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தையும் பார்த்தேன். முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு சேற்றுக்குள் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய தலையில் இருப்பது நான் பனஞ்சார்வோலையில் பின்னி ஓரத்துக்குச் சிவப்புச் சாயம் போட்டு, நீங்கள் விமானம் ஏறும்போது தந்த தொப்பி. அதை நான் அவளுக்கா பின்னினேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலைச் சுணக்க வேண்டாம்.

உங்கள்
நாகபூசணி


பாட்டன் ரூஜ், லூசியானா
09.02.1989

அன்பின் பூசணிக்கு,

நான் நல்ல சுகம். இருமல் போய்விட்டது. நீரும் சுகமாக இருப்பீர் என நம்புகிறேன். இங்கே குளிர் கடுமையில்லை. கொண்டல் காற்று மாதிரி ஒரு ஈரக்காற்று வீசுகிறது.

தரவை பற்றி எழுதியிருந்தீர். அவசரப்பட வேண்டாம். நான் செய்யும் வேலையே சதுப்பு நிலங்களைக் காப்பதுதான் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இந்த நாட்டு அரசாங்கமே காசு கொடுத்துச் சதுப்பு நிலங்களை வற்ற வைத்தது. கொசுக்கிடங்கு என்ற எண்ணம். பிறகு வெள்ளம் வந்தது, மீன் குறைந்தது, கிணறு கெட்டது. 1972இல் தண்ணீரைக் காக்க ஒரு சட்டம் வந்தது. இப்போது சொந்தக் காணியானாலும் சதுப்பில் மண் கொட்டுவதென்றால் இராணுவத்தின் பொறியியல் பிரிவிடம் அனுமதி எடுக்க வேண்டும். சுற்றாடல் இலாகா அதற்கும் மேலே நின்று மறிக்கலாம். போன கார்த்திகையில் பெரிய ஆட்கள் கூடி, நாட்டின் மொத்தச் சதுப்பு இனிக் குறையவே கூடாது என்று அறிக்கை விட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் மூடினால் இன்னொரு இடத்தில் உண்டாக்கி ஈடு வைக்க வேண்டும்.

அதிலும் ஒரு புதுமை. சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு எண்ணெய்க் கம்பனி கெட்டுப்போன பெரிய சதுப்பு ஒன்றைத் திருத்தி, அந்தப் பலனை வைப்பில் போட்டது போல வைத்துக்கொண்டது. பிறகு வேறெங்காவது சதுப்பைக் கெடுத்தால் அந்த வைப்பிலிருந்து கழிக்கும். இதை வங்கி என்றே சொல்கிறார்கள்.

நம்முடைய தரவையும் அப்படிப்பட்ட ஒன்றுதான். மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்து, சுற்றியிருக்கும் கிணறுகளில் உப்புச் சவர் ஏறாமல் காப்பது அது. மண் கொட்ட நான் எப்படிச் சம்மதிப்பேன்? யோசியும்.

படத்தில் நிற்பவர் கரோல். அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர். அன்றைக்குக் கடும் வெயில், அதனால்தான்.

அன்புடன்
சிவபாதம்


வேலணை கிழக்கு
21.03.1989

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம் கேட்டதற்கு நன்றி. சுகமாகத்தான் இருக்கிறேன். சுகத்துக்கு என்ன குறை?

உங்கள் கடிதத்தைப் பக்கம் பிரித்துப் பார்த்தேன். பாதி சட்டம், மீதி சேறு. கடைசி மூலையில் கரோல். நான் உங்களிடம் வருவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் கேட்டதே அதைத்தான்.

தரவையில் இத்தனை பாசம் எப்போது வந்தது? கலியாணம் பேசும்போது உங்கள் வீட்டார் "தண்ணி நிக்கிற காணியைத் தந்து ஏமாத்திப்போட்டினம்" என்று சொன்னதை நான் குசினிக்குள் நின்று கேட்டவள். தோட்டம் செய்ய இறைப்புக் காணிதான் வேண்டும் என்று நீங்களும் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தீர்கள். கொசுக்கிடங்கு என்ற பெயர் வைத்தவரும் நீங்கள்தான். அமெரிக்கச் சேற்றில் இறங்கிய பிறகுதான் என்னுடைய சேறும் உங்களுக்குப் பொன்னாகத் தெரிகிறது.

அங்கே ஆமி சதுப்புக்குக் காவல் நிற்கிறது என்று எழுதியதைப் பக்கத்து வீட்டு யோகம்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த ஓணான் ஓடிவிட்டது. இங்கே யாழ்ப்பாணம் போகப் பண்ணைப் பாலத்தைத் தாண்ட நாங்கள் ஆமியிடம் அட்டை காட்டி நிற்கிறோம்.

வங்கி என்கிறீர்களே, இந்த நாலு வருடமாக நான் போட்டு வைத்ததை எந்த வங்கியில் எடுக்கலாம்? வெயில் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். வெயில் அவளுக்கு மட்டுமா அடித்தது? உங்கள் தலையில் அடிக்கவில்லையா?

சம்மதக் கடிதத்தை அனுப்புங்கள். மயில்வாகனம் அண்ணை ஆவணிக்குள் ஜெர்மனிக்குத் திரும்பிவிடுவார்.

நாகபூசணி


பாட்டன் ரூஜ்
16.07.1989

அன்பின் பூசணிக்கு,

சுணங்கியதற்குக் கோபிக்க வேண்டாம். வேலை கூடிவிட்டது. நீர் சாப்பாட்டைக் கவனிக்கிறீரா? மெலிந்துபோனதாக யோகம்மா அக்காவின் மகன் எழுதியிருந்தான்.

போன மாதம் ஒரு இடத்தைப் பார்க்கப் போனோம். நகரத்துக்கு வெளியே ஒரு சதுப்பை மூடிப் பெரிய கடைத்தெரு கட்டியவர்கள், அதற்கு ஈடாக இன்னொரு இடத்தில் கிடங்கு வெட்டி நாற்று நட்டதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீரே இல்லை. நட்டதெல்லாம் பட்டுப்போய் பற்றை மண்டி, நடுவில் யாரோ உழவு இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். கரோல் சேற்றுச் சப்பாத்தோடு போயிருந்தார். சப்பாத்தில் ஒரு துளி ஈரம் இல்லை. திரும்பும்போது வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

ஈடு வைக்கிறேன் என்ற வாக்கை நம்பி முதலில் அழிக்க விடுவதுதான் பிழை என்று கரோல் சொல்கிறார். முதலே உண்டாக்க வேண்டும், அது உயிர் பிடிக்கிறதா என்று சில மாரி பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வேறு ஒன்றை அழிக்க அனுமதி கொடுக்க வேண்டும். வங்கி என்பது அப்படி நடந்தால்தான் பொருந்தும் என்பது கரோலின் வாதம். இதை ஒழுங்காக எழுதும்படி இப்போது என்னிடம் தந்திருக்கிறார். இரவு பகலாக எழுதுகிறேன்.

சம்மதக் கடிதம் பற்றி இங்கே ஒரு நொத்தாரிசிடம் விசாரிக்க வேண்டும். அடுத்த மாதம் பார்க்கிறேன். நீர் வருவது பற்றியும் பிறகு விபரமாக எழுதுகிறேன்.

அன்புடன்
சிவபாதம்


வேலணை கிழக்கு
30.08.1989

அத்தானுக்கு,

நலம்.

கரோல் சொன்னார், கரோல் போனார், கரோல் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தது உங்களுக்கு அவ்வளவு நோகிறது. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், அது கேட்கவில்லை. அவள் கலியாணம் முடித்தவளா? என்ன வயது? எனக்கு வெட்கம் இல்லை, கேட்கிறேன். எரிச்சலில்தான் கேட்கிறேன். இங்கே உச்சி வெயிலில் தனியாக நெல் காயப்போடும்போதும் அந்தத் தொப்பி என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

சரி, உங்கள் கரோலின் வாதத்தை நான் ஏற்றுக்கொண்டேன். முதலே உண்டாக்க வேண்டும், அவ்வளவுதானே? வீட்டுக்குப் பின்னால் இளம்பனை நிற்கும் வடலிக் காணியில் ஒரு புதுத் தரவை வெட்டுகிறேன். என் பதக்கச் சங்கிலியை ஈடு வைத்துக் கூலிக்கு வல்லிபுரத்தையும் இரண்டு பேரையும் பிடித்திருக்கிறேன். வடலியெல்லாம் தறித்தாயிற்று. நேற்று மண்ணுக்கு அடியில் முருகைக்கல் பாறை தட்டியது. வல்லிபுரம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இன்னும் வெட்டவோ பிள்ளை?" என்று கேட்டான். "உடைச்சு வெட்டுங்கோ" என்றேன். நல்ல ஆழமாக இருக்கட்டும். குறை சொல்ல உங்களுக்கு ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

மயில்வாகனம் அண்ணையும் என் பிடிவாதத்தைப் பார்த்துப் பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார். மாரி வந்து புதுக்கிடங்கு நிரம்பினதும் எழுதுவேன். அப்போது நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும். ஈடு வைத்த பிறகு மறிக்க உங்கள் சட்டத்திலும் இடமில்லை.

நாகபூசணி


பாட்டன் ரூஜ்
11.11.1989

அன்பின் பூசணிக்கு,

நலம். உம்முடைய நலத்துக்கும் வேண்டுகிறேன்.

உம்முடைய கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு பெருமையாகவும் இருந்தது. ஒரு தனி மனுசி சட்டம் எதுவும் இல்லாமலே ஈடு வைக்கிறா என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் ஒரு விஷயம். முருகைக்கல்லை உடைக்க வேண்டாம். நம்முடைய தீவில் நல்ல தண்ணீர் மெல்லியதாக மேலே மிதக்கிறது, கீழே கடல். கல்லை உடைத்தால் சவர் மேலே வரும். மழை வலுக்க முதல் வெட்டை நிற்பாட்டிவிடும்.

கரோலின் வயதைக் கேட்டிருந்தீர். நான் கேட்டதில்லை.

அன்புடன்
சிவபாதம்


வேலணை கிழக்கு
22.01.1990

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் மார்கழிக் கடைசியில் வந்தது. மழை ஐப்பசியிலேயே வந்துவிட்டது.

கிடங்கு நிரம்பியது உண்மை. நான் கரையில் நின்று கை கொட்டினேன். கொக்கு வரும் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. யோகம்மா அக்காவின் மாடு வாயை வைத்துவிட்டுத் தலையை உதறியது. பிறகு நான் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். கடல் தண்ணீர். தைப்பொங்கலுக்குப் பானை வைத்தபோது எங்கள் வீட்டுக் கிணறும் சவர் என்று தெரிந்தது. பொங்கலை வாயில் வைக்க முடியவில்லை. அப்பா வெட்டிய கிணறு, முப்பது வருடம் வீதியால் போகிறவர்களும் குடித்த தண்ணீர்.

இப்போது காலையும் மாலையும் குடத்தோடு தரவைக் கரையில் இருக்கும் பொதுக் கிணற்றுக்குப் போகிறேன். நான் மூடக் கேட்ட தரவைதான் எனக்குத் தண்ணீர் தருகிறது. குடத்தை இடுப்பில் வைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. அதைவிடக் கூட உங்கள்மேல் வருகிறது. அவளுடைய வாயிலிருந்து வந்த பேச்சைக் கேட்டு, அவளுக்குப் போட்டியாகத்தானே நான் கிடங்கு வெட்டினேன்.

மயில்வாகனம் அண்ணை ஜெர்மனிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது தரவையை எடுப்பதாகச் சொன்னார். தரவை விற்காவிட்டாலும் கடன்பட்டாவது நான் வரலாம். அதனால் இப்போது சம்மதக் கையெழுத்துக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்.

நான் வரவா, வேண்டாமா?

உங்கள்
நாகபூசணி


18, வில்லோ ஒழுங்கை
பாட்டன் ரூஜ்
20.05.1990

அன்பின் பூசணிக்கு,

நான் சுகம். வீடு மாறியிருக்கிறேன், மேலே இருப்பது புது விலாசம். வளவின் பின்பக்கம் ஒரு சிறிய சதுப்பு இருக்கிறது. காலையில் பறவைகள் வரும்.

கிணற்றுச் செய்தி கேட்டு மிகவும் துக்கப்பட்டேன். சில மாரி போனால் தெளியும். கிடங்கைத் தூர்த்துவிடும்.

இங்கே ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. போன மாசியில் இராணுவமும் சுற்றாடல் இலாகாவும் சேர்ந்து ஒரு உடன்படிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தன. இனி ஒழுங்குமுறை இதுதான். ஒரு சதுப்பைக் கெடுக்க வருகிறவர் முதலில் அதை விலக்க வழியுண்டா என்று பார்க்க வேண்டும். விலக்க முடியாவிட்டால் கெடுதலைக் குறைக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதற்குத்தான் ஈடு. ஈடு தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நேரே வந்து நிற்க முடியாது. நான் எழுதிய குறிப்புகளும் கொஞ்சம் உதவின என்று இங்கே சொல்கிறார்கள்.

நீர் கேட்ட சம்மதக் கடிதத்தை நொத்தாரிசு முன் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்புகிறேன். தரவையை உம்முடைய விருப்பம் போல விற்கலாம். கையில் ஒரு தொகை இருப்பது உமக்கு நல்லது. நீர் வருவது பற்றி, இப்போது விசா நிலைமை இறுக்கமாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

சிவபாதம்


18, வில்லோ ஒழுங்கை
பாட்டன் ரூஜ்
14.10.1990

பூசணி,

தீவுப்பகுதி முழுக்கச் சண்டையால் இடம்பெயர்ந்துவிட்டதாக ரேடியோவில் கேட்டேன். கொழும்பில் இருக்கும் ஆழ்வாப்பிள்ளை மாமா மூலம் இதை அனுப்புகிறேன். நீர் எங்கே இருக்கிறீர்? உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதும். யாரிடமாவது கொடுத்துவிடும். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சிவபாதம்


நல்லூர்
03.02.1991

அத்தானுக்கு,

உயிரோடு இருக்கிறேன். யோகம்மா அக்கா குடும்பத்தோடு நல்லூரில் ஒரு வீட்டின் பின் அறையில் இருக்கிறேன். ஆவணிக் கடைசியில் ஊரோடு வெளிக்கிட்டோம். ஒரு குடமும் இரண்டு சீலையும் காணி உறுதிப் பெட்டியும் கொண்டு வந்தேன். தரவை அப்போது வற்றி வெடித்துக் கிடந்தது. இந்த மாரிக்கு நிரம்பியிருக்கும். பார்க்க ஊரில் ஆள் இல்லை, கொக்குகளுக்கு நல்ல காலம். இங்கே கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். குடிக்கும்போது எனக்கு வேலணை நினைவுதான்.

உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தபோது அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் எனக்கு அன்பு இல்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

சம்மதக் கடிதம் ஆனி முதல் கிழமை, சண்டை தொடங்க முதல் கிடைத்தது. ஒன்றரை வருடமாகத் தரவையை மூட விடமாட்டேன் என்று நின்ற மனுசன் நீங்கள். அதுதான் எனக்குத் தண்ணீர் தருகிறது என்று நான் எழுதிய பிறகு, அதை விற்கச் சம்மதம் அனுப்பினீர்கள். வரவா வேண்டாமா என்று கேட்டேன், கையில் தொகை இருப்பது நல்லது என்றீர்கள். நான் படிப்புக் குறைந்தவள்தான், ஆனால் இது விளங்காமல் போகுமா?

இன்னொன்றும் கண்டேன். முந்தி உங்கள் கடிதத்தில் மூச்சுக்கு மூச்சு கரோல் வந்தாள். நான் எரிந்தேன், திட்டினேன், ஆனால் நிம்மதியாகவும் இருந்தேன். மறைக்க ஒன்றும் இல்லாதபடியால்தான் மனுசன் வாய் ஓயாமல் சொல்கிறார் என்று எனக்குள் ஒரு ஆறுதல். கடைசி இரண்டு கடிதத்திலும் அந்தப் பெயர் இல்லை. புது வீடு இருக்கிறது, பின்வளவில் சதுப்பு இருக்கிறது, காலையில் பறவை வருகிறது. அவள் மட்டும் இல்லை. அதைக் கண்ட அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. யோகம்மா அக்காவிடம் காட்டினேன். "உனக்கு விசர், அந்தாள் வேலையிலை நிக்குது" என்றா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களையப் போய்விட்டா.

நீங்களே எழுதிய ஒழுங்குமுறை என்னிடம் இருக்கிறது. முதலில் விலக்கப் பார்க்க வேண்டும். பிறகு குறைக்கப் பார்க்க வேண்டும். ஈடு கடைசியில். ஒரு சேற்றுக்கு இவ்வளவு நீதி செய்தீர்கள். என்னிடம் வந்தபோது முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே ஈட்டுக்கு வந்தீர்கள். அதுவும் என்னுடைய காணியை எனக்கே ஈடாகத் தந்தீர்கள்.

அந்தச் சம்மதக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தரவை விற்பனைக்கு இல்லை. ஊருக்குத் திரும்பும் நாள் வந்தால், எனக்கும் சனத்துக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும்.

உங்களுக்கு ஏதாவது செய்ய என் கையெழுத்துத் தேவையென்று தேசவழமையில் இல்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். இருந்தாலும் நான் தருகிறேன். கீழே முழுப்பெயர் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் விரும்பியபடி இருங்கள், நான் மறிக்கவில்லை. காசு அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னுடைய ஓலைத் தொப்பியை அவளிடமிருந்து வாங்கி அனுப்பி வையுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை. கடையில் நல்லதாக ஒன்று வாங்கி அனுப்பாதீர்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

சிவபாதம் நாகபூசணி